ரைஃபிளின் கம்பெனி டிரிக்கரை மாற்றுவது செலவுக்குத் தகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்ட ரைஃபிள் கிளப் ஒன்றில், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வார இறுதிகளில் உதவி வருகிறேன். நிற்கும் முறையும் குறி பார்க்கும் முறையும் ஓரளவு பிடிபட்டு, புள்ளிகள் ஏறாமல் ஓரிடத்தில் நிற்கத் தொடங்கும் வாரத்தில், ஏறக்குறைய எல்லோரும் டிரிக்கரைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கேட்டவர்களின் சொற்களை அப்படியே வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். இவற்றில் பெரும்பாலானவை உரிமம் தேவைப்படாத 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளைப் பற்றியவை. உரிமத்துடன் வைத்திருக்கும் பாயிண்ட் டூ டூ (0.22 அங்குலக் குழல்) ரைஃபிளுக்கான பதில் 9ஆம் கேள்வியில் இருக்கிறது.

1. டிரிக்கர்ங்கிறது வெறும் விசைதானே சார், அதை மாத்தினா குறி எப்படி மாறும்?

குழல் எவ்வளவு துல்லியமாகச் சுடும் என்பதை டிரிக்கர் மாற்றுவதில்லை. ரைஃபிளை அசையாமல் இறுகப் பிடிக்கும் இடுக்கியில் மாட்டிச் சுட்டால், மோசமான டிரிக்கரிலும் நல்ல டிரிக்கரிலும் குரூப்பிங் (குண்டுகள் இலக்கில் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது) ஒன்றுபோலவே இருக்கும். மனிதர் பிடித்துச் சுடும்போதுதான் வித்தியாசம் வருகிறது. உள்ளே சியர் என்ற சிறிய எஃகுக் கொக்கி, அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங்கையோ சுத்தியலையோ பிடித்துக்கொண்டிருக்கிறது. விரலின் அழுத்தம் அதை நழுவச் செய்கிறது. நழுவுவதற்குத் தேவைப்படும் அழுத்தத்தை டிரிக்கர் எடை என்றும், நழுவுவதற்கு முன் அது உரசிக்கொண்டு நகர்வதைக் கிரீப் என்றும், நழுவிய பின்னும் விரல் பின்னால் போவதை ஓவர்டிராவல் என்றும் சொல்கிறோம். இம்மூன்றில் எது கூடினாலும், குண்டு குழலை விட்டு வெளியேறும் நொடியில் கை ரைஃபிளை அசைத்துவிடும் வாய்ப்பு கூடுகிறது.

அந்த அசைவு எவ்வளவு சிறியது என்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 10 மீட்டர் இலக்கில் பத்து என்பது 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளி. அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 2.5 மி.மீ. இடைவெளியில் இருக்கிறது. தோளில் பதியும் இடத்திலிருந்து குழலின் வாய் வரை ரைஃபிளின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆகவே தோளை மையமாகக் கொண்டு குழலின் வாய் கால் மில்லிமீட்டர் நகர்ந்தால், இலக்கில் குண்டு 2.5 மி.மீ. தள்ளிப் போகிறது, ஒரு முழுப் புள்ளி போய்விடுகிறது. கால் மில்லிமீட்டர் என்பது சாதாரண ஜெராக்ஸ் தாள்கள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கனம்தான்.

2. எவ்வளவு லேசா இருக்கோ அவ்வளவு நல்லதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

முழு உண்மை இல்லை. ரைஃபிளின் எடைக்கும் டிரிக்கரின் எடைக்கும் உள்ள விகிதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூன்று கிலோ ரைஃபிளில் டிரிக்கர் இரண்டு கிலோ என்றால், ரைஃபிளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு விசையை, அதைத் துளியும் அசைக்காமல், ஒரே விரலால் கொடுக்க வேண்டியிருக்கிறது. சர்வதேசப் போட்டி விதிப்படி 5.5 கிலோ வரை இருக்கக்கூடிய மேட்ச் ரைஃபிளில் (போட்டிக்கென்றே செய்த ரைஃபிள்) டிரிக்கரைப் பெரும்பாலும் 100 கிராமை ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். அந்த விகிதத்தில் விரல் ரைஃபிளை நகர்த்துவது கடினம்.

ஆனால் எடையைவிட முக்கியமானது, ஒவ்வொரு முறையும் அது ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் விடுபடுவது. ஒரு கிலோவில் பிசகாமல் விடுபடும் டிரிக்கரைக் கற்றுக்கொள்ள முடியும். 400 கிராமில் ஒருமுறையும் 700 கிராமில் மறுமுறையும் விடுபடும் டிரிக்கரை எவராலும் கற்றுக்கொள்ள முடியாது. 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்குக் குறைந்தபட்ச டிரிக்கர் எடை எதையும் சர்வதேச விதிகள் வகுக்கவில்லை. 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராமும், 300 மீட்டர் ஸ்டாண்டர்டு ரைஃபிளுக்கு 1,500 கிராமும் வகுத்திருக்கிறார்கள். அந்த 1,500 கிராம் டிரிக்கரை வைத்துக்கொண்டு 300 மீட்டரில் பத்துகளை அடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை, ‘கனமான டிரிக்கரால் எதுவும் முடியாது’ என்று சொல்ல வரும் மாணவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

3. எங்க ரைஃபிள் டிரிக்கர் எவ்வளவு கனம்னு நானே பார்த்துக்க முடியுமா?

முடியும், மாற்றுவதைப் பற்றி யோசிக்கும் முன் கட்டாயம் செய்ய வேண்டியதும் இதுவே. பயணப் பெட்டியை எடை பார்க்கும் கொக்கி வைத்த சிறிய டிஜிட்டல் தராசு போதும். ரேஞ்சில், குழல் இலக்கை நோக்கியிருக்க, ரைஃபிளை மணல் மூட்டையில் சாய்த்து, ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தராசின் கொக்கியை டிரிக்கர் பிளேடின் (விரல் படும் பகுதி) நடுவில் மாட்டி, நேர் பின்னோக்கி மெதுவாக இழுத்து, விடுபடும்போது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங்கின் விசையால் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்திச் சுடும் ஸ்பிரிங் ரைஃபிளாக இருந்தால் பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) போட்டே இதைச் செய்ய வேண்டும். காரணம் 10ஆம் கேள்வியில் இருக்கிறது.

பத்து முறை அளந்து எல்லா எண்களையும் எழுதிப் பாருங்கள். சராசரியைவிட அந்த எண்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம்தான் அதிகம் சொல்லும். 1.9, 1.8, 1.9 கிலோ என்று வந்தால் அது கனமான, ஆனால் நேர்மையான டிரிக்கர். 1.5, 2.2, 1.7 என்று வந்தால் சியரில் அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது என்று பொருள். மேட்ச் ரைஃபிளின் 100 கிராமை இந்தத் தராசில் நம்ப முடியாது; அதற்கு டிரிக்கர் அளக்கும் எடைக்கல் கிளப்பிலேயே இருக்கும்.

4. அமெரிக்கா வீடியோவுல டிரிக்கர் மாத்தின உடனே குரூப்பிங் பாதியாச்சுன்னு காட்டுறாங்க. அது பொய்யா?

பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்களுடைய ரைஃபிளும் தேவையும் வேறு. அங்கே வேட்டை ரைஃபிள்கள் பல ஆண்டுகளாக இரண்டரை, மூன்று கிலோ டிரிக்கருடன் விற்பனைக்கு வந்தன. கவனக்குறைவாக ஒருவர் விரல் வைத்து விபத்து நேர்ந்தால் வழக்கு தம்மீது வரும் என்ற அச்சமே தயாரிப்பாளர்கள் கனமாக வைத்ததற்கு முக்கியக் காரணம். அந்தத் தேவையில் வளர்ந்தவைதான் டிம்னி, ஜுவெல், பின்னர் வந்த கனடாவின் டிரிக்கர்டெக் போன்ற தனி டிரிக்கர் நிறுவனங்கள். 100 முதல் 300 டாலர் வரை கொடுத்து மூன்று கிலோவை ஒரு கிலோவாக்கினால், சுடுகிறவரின் பிழை குறைந்து குரூப்பிங் சுருங்குவது இயல்பே.

அந்த நாட்டிலேயே நிலைமை மாறியும்விட்டது. 2000களின் தொடக்கத்தில் சாவேஜ் நிறுவனம் அக்யூடிரிக்கர் என்ற, உரிமையாளரே எடையைத் திருத்திக்கொள்ளக்கூடிய டிரிக்கரைத் தன் ரைஃபிள்களில் கம்பெனியிலிருந்தே போட்டுத் தந்தது. பிளேடுக்குள் இருக்கும் சிறு நாக்கை அழுத்தினாலன்றிச் சியர் விடுபடாது என்பதால், லேசாக வைத்தும் பாதுகாப்பாக இருக்க முடிந்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் அந்த வழியில் வந்தன. ஆகவே பத்து இருபது ஆண்டுகளுக்கு முந்தைய ரைஃபிளுக்குப் பொருந்திய அறிவுரை இன்றைய ரைஃபிளுக்கு அப்படியே பொருந்தாது.

5. பையனை இப்பதான் சேர்த்திருக்கேன். சொந்தமா ஒரு ரைஃபிள் வாங்கி, டிரிக்கரையும் மாத்திக் கொடுத்துட்டா சீக்கிரம் வந்துடுவானா?

முதல் ஆறு மாதங்களுக்குக் கிளப் ரைஃபிளும் அதிலுள்ள டிரிக்கருமே போதும் என்பது என் உறுதியான கருத்து. தொடக்க நிலையில் குண்டு சிதறுவதற்குக் காரணம் நிற்கும் முறை, மூச்சு, கன்னம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் பதிவது ஆகியவை. இவற்றின் சிதறல் டிரிக்கர் தரும் சிதறலைவிடப் பல மடங்கு பெரிது. பெரியது சரியாகும்வரை சிறியது கண்ணுக்கே தெரியாது.

அந்தப் பணத்தைப் பெல்லட்டுக்கு ஒதுக்குங்கள். ஒரு டப்பாவில் 500 பெல்லட் இருக்கும். போட்டியில் சுடுவதுபோல நாளுக்கு 60 என்று சுட்டால் எட்டு நாளில் தீர்ந்துவிடும். பெல்லட் தீர்ந்துபோனதால் இரண்டு வாரம் வராமலிருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். டிரிக்கர் கனமாக இருந்ததால் வளர்ச்சி நின்றுபோன தொடக்கநிலைப் பிள்ளை ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு: பத்து, பதினோரு வயதுக் குழந்தைக்கு விரல் வலு போதாமல், இழுக்கும்போது முழுக் கையும் நடுங்கினால் அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லக் கூடாது. அப்போதும் டிரிக்கரை மாற்றுவதைவிட, கிளப்பில் உள்ள லேசான டிரிக்கர் கொண்ட ரைஃபிளுக்குக் குழந்தையை மாற்றுவதே சரி.

6. மேட்ச் ரைஃபிளே வாங்கிட்டேன் அண்ணா. இதுக்கும் வெளியில இருந்து டிரிக்கர் வாங்கிப் போடணுமா?

வேண்டாம். பைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷுட்ஸ், ஸ்டெயர் ஆகியவற்றின் மேட்ச் ரைஃபிள்களில் வருவது ஏற்கெனவே போட்டிக்கென்றே செய்த டிரிக்கர். விரல் லேசாக நகரும் முதல் கட்டத்தின் எடை, விடுபடும் இரண்டாம் கட்டத்தின் எடை, நகரும் தூரம், ஓவர்டிராவல், பிளேடின் இடம் ஆகிய அனைத்தையும் திருகி வைத்துக்கொள்ளலாம். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய பிறகு, பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே வருடக்கணக்கில் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். கையேட்டை எடுத்து, பயிற்சியாளர் அருகில் இருக்க, ஒரு நாளில் ஒரே ஒரு திருகை மட்டும் கால் சுற்று திருப்பி, என்ன மாறியது என்று எழுதி வைத்துப் பழகுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பிளேடின் இடத்தைச் சரிசெய்ய வேண்டும். பதினைந்து வயதுப் பெண் ஒருவர் எங்களிடம் வந்தபோது, குண்டுகள் பக்கவாட்டில் ஒன்பதுக்கும் எட்டுக்கும் சிதறிக்கொண்டிருந்தன. டிரிக்கர் சரியில்லை என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். பக்கத்தில் குனிந்து பார்த்தபோது, பிளேடு அவருடைய விரலுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது தெரிந்தது. எட்டிப் பிடிப்பதற்காக விரலின் அடிப்பகுதி ரைஃபிளின் பிடிக்கட்டையில் அழுந்தி, இழுக்கும் ஒவ்வொரு முறையும் ரைஃபிளைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது. ஆலன் கீயால் பிளேடை, அது நகரும் சிறு தண்டில், ஆறு மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தினோம்; விரலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி வந்தது. அன்றே பக்கவாட்டுச் சிதறல் குறைந்தது.

7. அப்படின்னா என் பிரச்சினை டிரிக்கரா, நானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

உங்கள் ரைஃபிளையும் உங்கள் பெல்லட்டையும் கொடுத்து, உங்களைவிட நன்றாகச் சுடும் ஒருவரை இருபது குண்டுகள் சுடச் சொல்லுங்கள். அவருடைய குரூப்பிங் வழக்கம்போல வந்தால் ரைஃபிளில் குறையில்லை. அவரும் தடுமாறி, ‘எப்போது விடுபடுகிறது என்றே தெரியவில்லை’ என்று சொன்னால் 3ஆம் கேள்வியில் சொன்னபடி அளந்து பாருங்கள்.

மேட்ச் ரைஃபிளில் இன்னொரு வழியும் இருக்கிறது. டிரை ஃபயர் (குண்டு போடாமல் டிரிக்கரை இழுத்துப் பழகுவது) நிலையில் வைத்து, குழலின் முனைக்கு அருகில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து டிரிக்கரை இழுக்கும்போது அது விழாமல் இருந்தால் விரல் நன்றாக வேலை செய்கிறது. பத்தில் ஏழெட்டு முறை விழுந்தால், எந்த டிரிக்கரை வாங்கினாலும் விழத்தான் செய்யும்.

8. ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெட்டி, சியரை உரசிப் பாலிஷ் போட்டா காசே இல்லாம லேசாகும்னு ஒருத்தர் சொன்னார். செய்யலாமா?

செய்யவே கூடாது. சியரின் மேற்பரப்பை மட்டும் கடினமாக்கியிருப்பார்கள். அந்தக் கடினமான அடுக்கு மிக மெல்லியது. அரத்தால் நாலு தேய்ப்பில் அது போய்விட்டால், அடியிலுள்ள மென்மையான எஃகு சில நூறு முறை சுடுவதற்குள் மழுங்கிவிடும். முதல் வாரம் அருமையாக இருப்பதுபோலத் தோன்றும். பிறகு ஒரு நாள், விரல் வைக்காமலே சியர் நழுவும். ஸ்பிரிங்கை வெட்டினால், சியர் தன் இடத்தில் முழுதாகத் திரும்பி உட்காராமல் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும் அபாயம் இருக்கிறது. ரைஃபிளைக் கீழே தட்டி வைத்தாலே சுட்டுவிடும்.

குழலை மடித்து ஏற்றும் ஸ்பிரிங் ரைஃபிளில் இது இன்னும் கொடியது. பெல்லட்டை வைப்பதற்காகக் கட்டைவிரல் குழலின் பின்வாயில் இருக்கும் அந்த நேரத்தில் சியர் நழுவினால், குழல் முழு வேகத்தில் மேலே அறைந்து மூடும். விரல் எலும்பு நொறுங்கும். பிள்ளைகள் பயன்படுத்தும் ரைஃபிளில் இதைச் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், பெற்றோர் தயவுசெய்து மறுத்துவிட வேண்டும். நல்ல தயாரிப்பாளர்களுக்கே டிரிக்கரில் பிழை நேர்ந்துவிடும் இடம் இது: அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த எக்ஸ்-மார்க் புரோ டிரிக்கர் கொண்ட மாடல் 700, மாடல் செவன் ரைஃபிள்களைத் திரும்பப் பெற்றபோது, பொருத்தும்போது பூசிய ஒட்டுப்பொருள் அளவுக்கு மேல் போனதால் ரைஃபிள் தானாகச் சுடக்கூடும் என்பதைக் காரணமாகச் சொன்னது. ஒரு துளி பசைக்கே இந்த நிலை என்றால், அரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

9. என்கிட்ட லைசென்ஸ் உள்ள பாயிண்ட் டூ டூ இருக்கு. அதுல டிரிக்கர் மாத்தலாமா?

நீங்களாகவும் செய்யக் கூடாது, தெரிந்த பட்டறையிலும் கொடுக்கக் கூடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவில், துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் அதற்கென உரிமம் தேவை என்கிறது. வைத்திருப்பதற்கான உரிமம் வேறு, பழுதுபார்ப்பதற்கான உரிமம் வேறு. ஆகவே உரிமம் பெற்ற துப்பாக்கி விற்பனை அல்லது பழுதுபார்ப்பு நிலையத்துக்கே எடுத்துச் செல்ல வேண்டும்.

அதற்கு முன், மாற்றித்தான் ஆக வேண்டுமா என்று பாருங்கள். செக் நாட்டு சி.இசட். 457 போன்ற ரைஃபிள்களில் எடையைத் திருத்தும் வசதி கம்பெனியிலிருந்தே வருகிறது. பழைய ரைஃபிள் என்றால், பல ஆண்டு எண்ணெயும் தூசியும் கெட்டிப்பட்டு டிரிக்கர் பிசுபிசுத்துப் போயிருப்பதை நிறையப் பார்க்கிறோம். முறையாகச் சுத்தம் செய்ததும் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

10. டிரிக்கரை மாத்தாம பழகணும்னா டிரை ஃபயர் செய்யச் சொல்றீங்க. ஸ்பிரிங் ரைஃபிள்ல செஞ்சா கெட்டுப்போகும்னு கடையில சொன்னாங்களே?

கடையில் சொன்னது சரி. ஸ்பிரிங் ரைஃபிளில் பெல்லட் இருந்தால்தான் அதற்குப் பின்னால் காற்று அழுத்தம் சேர்ந்து பிஸ்டனைத் தாங்கும். பெல்லட் இல்லாவிட்டால் பிஸ்டன் தடையின்றிப் போய் முன்சுவரில் மோதும். காற்று கசியாமல் தடுக்கும் சீலும் ஸ்பிரிங்கும் சீக்கிரமே கெடும். காற்றை நிரப்பி வைக்கும் மேட்ச் ரைஃபிள்களில் டிரை ஃபயருக்கென்றே தனி ஏற்பாடு இருக்கிறது.

ஸ்பிரிங் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இலக்கை எடுத்துவிட்டு, அதே இடத்தில் வெறும் வெள்ளைத் தாளை வைத்துச் சுடலாம். பார்க்க வளையம் இல்லாததால் கவனம் முழுவதும் விரலுக்கு வரும். அதோடு, ஸ்பிரிங் ரைஃபிளில் பெல்லட் வெளியேறும் முன்பே பிஸ்டனின் உதறல் தொடங்கிவிடுவதால், விடுபட்ட பிறகும் விரலைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு எடுக்கும் பழக்கம் அவசியம். எந்தப் புது டிரிக்கரும் இந்த உதறலைக் குறைக்காது.

11. சரி சார், எப்பதான் மாத்தலாம்? ஒரேயடியா வேண்டாம்னு சொல்லாதீங்க.

மூன்றும் ஒருங்கே பொருந்தினால் மாற்றலாம். குறைந்தது ஆறு மாதம் ஒழுங்காகச் சுட்டு உங்கள் குரூப்பிங் நிலைத்திருக்க வேண்டும். 3ஆம் கேள்வியின்படி அளந்ததில் எடை மிக அதிகமாகவோ சீரற்றோ இருந்து, சுத்தம் செய்தும் திருகியும் சரியாகாமல் போயிருக்க வேண்டும். அந்த ரைஃபிளுக்கென்றே செய்த முழு டிரிக்கர் தொகுதி கிடைக்க வேண்டும். போட்டிக்குப் போகிறவர்கள், தாங்கள் சுடும் பிரிவின் விதிகளில் அதற்கு இடமிருக்கிறதா என்று சங்கத்தில் முன்பே கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

அப்போதும் விலையைப் பாருங்கள். டிரிக்கருக்கும் பொருத்தும் கூலிக்கும் சேர்த்து ரைஃபிள் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால், நான் மாற்ற வேண்டாம் என்றே சொல்வேன். அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, நல்ல டிரிக்கருடனேயே வரும் ரைஃபிளுக்கு மாறுவது மேல். வைராக் நிறுவனத்தின் ஸ்பிரிங் ரைஃபிள்களில் வரும் ரெக்கார்டு டிரிக்கரை ஒருமுறை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: இரண்டு கட்டமும் தெளிவாகப் பிரிந்து, இரண்டாவது கட்டம் கண்ணாடிக் குச்சி முறிவதுபோல விடுபடும். மலிவான ரைஃபிளில் எதைப் போட்டாலும் அந்தத் தரம் வருவது அரிது.

12. எலெக்ட்ரானிக் டிரிக்கர் வந்திருக்காமே?

வந்திருக்கிறது, மேட்ச் ரைஃபிள்களில் அனுமதியும் உண்டு. கிரீப் என்பதே தெரியாமல் விடுபடும். மாநில அளவைத் தாண்டாதவர்களுக்கு அதனால் ஒரு புள்ளிகூடக் கூடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

13. பேச்சைக் கேட்காம மாத்திட்டேன். நல்ல டிரிக்கர்தான், ஆனா ஸ்கோர் குறைஞ்சுடுச்சே, ஏன்?

இது நடப்பதுதான், டிரிக்கர் கெட்டது என்று எண்ண வேண்டாம். இரண்டு கிலோவுக்குப் பழகிய விரல், எடையை உணர்ந்த பிறகுதான் இறுதி அழுத்தத்தைக் கொடுக்கும். 500 கிராம் டிரிக்கரில் அந்த விரல் தொட்டதுமே சுட்டுவிடுகிறது. குறி முழுதாக நிலைப்பதற்குள் குண்டு போய்விடுகிறது. ஓரிரு முறை அப்படி நடந்ததும், ‘எங்கே போய்விடுமோ’ என்று விரல் பிளேடைத் தொடவே தயங்கத் தொடங்கும். அந்தத் தயக்கம்தான் புள்ளிகளைத் தின்கிறது.

திருத்தும் வசதி இருந்தால் எடையை மீண்டும் கூட்டி வைத்து, வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள். முதல் இரண்டு வாரம் இலக்கை வைக்காமல், 10ஆம் கேள்வியில் சொன்ன வெள்ளைத் தாளில், நாளுக்கு நாற்பது குண்டுகள் சுடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ‘எதிர்பார்த்தபோது போனது’, ‘முந்திவிட்டது’ என்று குறிப்பேட்டில் ஒரு கோடு போடுங்கள். முந்திவிட்ட கோடுகள் நாற்பதில் மூன்றுக்குக் கீழே வந்த நாளில் இலக்கைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.